மலையில் பிறக்கிற கரண்ட்: அரசாங்கக் காசு, அணைக்கட்டு, நம்ம லயம் – அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் இலங்கை மலையகத்துல நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, பொறந்து வளந்த ஆள். இப்ப ஹட்டன்ல ஏ.எல். புள்ளைங்களுக்குப் பொருளியல் டியூஷன் குடுக்கிறேன். ஒவ்வொரு தடவ கரண்ட் விலை மாறும்போதும் புள்ளைங்க மட்டுமில்ல அவங்க அப்பா அம்மாவும் வந்து கேக்கிற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான், தண்ணியும் நம்மது மலையும் நம்மது, அப்புறம் ஏன் சார் நமக்கு இப்பிடினு. வாயால நூறு பேருக்குச் சொல்றதவிட எழுதி வச்சா எல்லாரும் வாசிக்கலாம்னு தோணிச்சு. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய வச்சிருக்கேன்.

பவர் ஸ்டேஷன் கட்ட அரசாங்கம் ஏன் காசு போடணும்? கம்பனிக்காரங்க கட்டிட்டுப் போகட்டுமே?

கம்பனிக்காரங்களும் கட்டுறாங்கதான். ஆனா பெரிய அணைக்கட்டுனு வந்தா கத வேற. மலையக் குடைஞ்சு டனல் போடணும், அணை கட்டணும், ரோட்டு வெட்டணும், டவர் நடணும், எழும்பிப் போற சனத்துக்கு வீடு கட்டிக் குடுக்கணும், இந்தச் செலவு பூராவும் ஒரு யுனிட் கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், கட்டி முடிக்க அஞ்சு ஆறு வருசம், சில நேரம் அதுக்கும் மேல. அதுக்குப் பொறகு மழை பேஞ்சா தண்ணி வருது, எண்ணெய்க்குக் காசு குடுக்கத் தேவையில்ல. பழைய லக்ஸபான 1950ல ஓடத் தொடங்கினது, மெசினப் பழுதுபாத்துப் பழுதுபாத்து இன்னைக்கும் ஓடுது. எழுபத்தஞ்சு வருசம்! இவ்வளவு காலத்துக்குப் பயன் தர்ற ஒண்ணுக்கு, போட்ட காச இருவது வருசத்துக்குள்ள லாபத்தோட எடுக்கணும்னு நெனைக்கிற ஆள் காசு போடமாட்டான். அரசாங்கம்தான் அவ்வளவு காலம் காத்திருக்கும்.

டீசல் மெசின் இதுக்கு நேர் எதிர். சீக்கிரம் கட்டிடலாம், கட்டுறதுக்கும் செலவு கொறைவு, ஆனா ஓடுற ஒவ்வொரு மணித்தியாலமும் எண்ணெய் குடிக்கும், அந்த எண்ணெய் டொலர்ல வாங்கணும். 1996ல மழை இல்லாம அணையெல்லாம் வத்திப்போய் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் வரைக்கும் கரண்ட வெட்டினாங்க, பெரியவங்களுக்கு ஞாபகமிருக்கும். மேல் கொத்மலை அணைத் திட்டமும் நிலக்கரி ஸ்டேஷனும் வருசக்கணக்கா இழுபட்டுக்கிட்டு இருந்ததால அந்த நேரம் கைகுடுக்கப் போதுமான வேற ஸ்டேஷன் இல்ல. அதுக்குப் பொறகுதான் தனியார்கிட்ட டீசல் கரண்ட் வாங்குற பழக்கம் பெரிசாச்சு. அந்த ஒப்பந்தங்கள்ல ஒரு விசயத்தக் கவனிக்கணும், மெசின் ஓடினாலும் ஓடாட்டியும் தயாரா வச்சிருக்கிறதுக்குனு ஒரு தொகை மாசாமாசம் குடுத்தாகணும். அதுவும் கடைசில நம்ம பில்லுலதான் வந்து நிக்கும்.

அதனால என்னோட கருத்து, பெரிய ஸ்டேஷன அரசாங்கம் கட்டுறதுல பெழையே இல்ல, கட்டத்தான் வேணும். ஆனா அந்தக் காசு அணையோட நிக்கக்கூடாது, அணைக்கு மேல குடியிருக்கிறவன் வீட்டு மீட்டர் வரைக்கும் வரணும். நான் எழுதுறது பூரா இதுக்குத்தான்.

அந்தக் காசு எங்கேருந்து வருது?

மூணு வழி இருக்கு. ஒண்ணு மானியம், திருப்பிக் குடுக்கத் தேவையில்லாத காசு. விக்டோரியா அணை அப்பிடித்தான் வந்திச்சு, பிரித்தானிய அரசாங்கம் 10 கோடி பவுணுக்கு மேல குடுத்துது, 1985 ஏப்ரல்ல அவங்க பிரதமர் மார்கரட் தட்சர் அம்மா நேர்லயே வந்து தெறந்து வச்சாங்க. 122 மீட்டர் ஒசரம், 210 மெகாவாட். மகாவலி ஆத்துத் திட்டத்துல ஒவ்வொரு அணைக்கும் ஒரு நாடு கைகுடுத்துது, கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலவுக்கு அப்ப இருந்த மேற்கு ஜேர்மனி.

ரெண்டாவது கடன். மேல் கொத்மலைக்கு ஜப்பான் 2002ல குடுத்தது கடன், 150 மெகாவாட், 2012ல ஓடத் தொடங்கிச்சு. நுரைச்சோலை நிலக்கரி ஸ்டேஷனுக்கு சீனாவோட எக்ஸிம் பேங்க் கடன், 300 மெகாவாட்படி மூணு மெசின், 2011லருந்து 2014க்குள்ள முடிஞ்சிச்சு. கடன் வாங்குறது திறைசேரி, அத மின்சார சபை கையில குடுத்து கட்டச் சொல்லும், இல்லாட்டி சபையே வாங்கும், திறைசேரி பொறுப்புக் கையெழுத்துப் போடும். சீட்டுக்கு ஜாமீன் நிக்கிற மாதிரினு வச்சுக்குங்க, கட்டவேண்டியவன் கட்டாட்டி ஜாமீன்காரன் தலையில வந்து விழும், இங்க ஜாமீன்காரன் யாருன்னா வரி கட்டுற நாம எல்லாரும்.

இதுல கஷ்டம் எங்கன்னா, கடன் டொலர்லயும் யென்லயும் இருக்கு, பில் காசு ரூவாயில வருது. 2022 ஆரம்பத்துல ஒரு டொலர் 200 ரூவா கிட்ட இருந்திச்சு, அதே வருசம் நடுவுல 360ஐத் தொட்டுடுச்சு, அதே கடன்தான் ஒரு சதம் கூட புதுசா வாங்கல, ஆனா ரூவாக் கணக்குல எங்கயோ போயிடுச்சு. 2022 ஏப்ரல் 12ஆந் தேதி வெளிநாட்டுக் கடன் கட்டுறத நிப்பாட்டுறோம்னு அரசாங்கம் அறிவிச்சதும் வெளிநாட்டுக் காசுல நடந்துக்கிட்டிருந்த வேலைகளும் நின்னுச்சு.

மூணாவது நம்ம சொந்தக் காசு, அதாவது வரவு செலவுத் திட்டத்துலருந்து. உமா ஓயா அணைத் திட்டத்தப் பாருங்க. ஈரானோட சேந்து தொடங்கினது, ஈரான் மேல தடை வந்ததும் அங்கேருந்து வர்ற காசு 5 கோடி டொலரோட நின்னுபோச்சு. ஈரான் கம்பனிதான் கடைசி வரைக்கும் கட்டிச்சு, ஆனா மொத்தச் செலவு 50 கோடி டொலருக்கு மேல போனதுல பெரும்பங்கு இலங்கைக் காசு. 120 மெகாவாட், 2024 ஏப்ரல்ல ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து தெறந்து வச்சாரு. அவர் ஹெலிகொப்டர் விபத்துல எறந்ததுக்கு ஒரு மாசம்கூட முன்னாடி இல்ல.

ஈரான்னு சொன்னதும் இன்னொண்ணு சொல்லணும். அவங்ககிட்ட முன்னாடி வாங்கின எண்ணெய்க்கு 25 கோடி டொலர் பாக்கி இருந்திச்சு, அத மாசம் 50 லட்சம் டொலருக்குத் தேயிலையா அனுப்பி அடைக்கிறதுனு 2021 டிசம்பர்ல ஒப்பந்தம் போட்டாங்க. நம்ம பொம்பளைங்க அட்டக்கடியோட கொழுந்து கிள்ளிப் போட்ட கூடைதான் நாட்டோட எண்ணெய்க் கடனக் கழிச்சிருக்கு. இத கிளாஸ்ல சொல்லும்போது புள்ளைங்க முகத்தப் பாக்கணும்.

லக்ஸபானவ யாரு தொடங்கினது? வெள்ளக்காரனா?

யோசனை நம்ம நாட்டு இஞ்சினியருது. டீ.ஜே. விமலசுரேந்திர. 1912ல நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவுல பிளக்பூல்ங்கிற எடத்துல சின்னதா ஒரு ஸ்டேஷன் போட்டு நுவரெலியா டவுனுக்கு லைட் குடுத்தாரு. அங்கயே பிறந்த கரண்ட் அங்கயே எரிஞ்சுது, அத நெனச்சா எனக்கு ஒரு சந்தோசம். 1918ல மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா ரெண்டையும் வச்சு நாட்டுக்கே கரண்ட் எடுக்கலாம்னு கணக்குப் போட்டு இஞ்சினியர் சங்கத்துல கட்டுரை படிச்சாரு. 1920கள்ல வேலை தொடங்கிச்சு, காசு இல்லனு நின்னுச்சு, கடைசில 1950லதான் மெசின் சுத்திச்சு. சொன்னதுக்கும் சுத்தினதுக்கும் நடுவுல 32 வருசம். அரசாங்கம் காசு போடலாமா வேணாமானு யோசிச்சுக்கிட்டே இருந்தா எவ்வளவு காலம் போகும்ங்கிறதுக்கு இது போதும். நோட்டன்ல இருக்கிற 50 மெகாவாட் ஸ்டேஷனுக்கு அவர் பேருதான் வச்சிருக்கு.

ஒரே தண்ணிய நாலு தடவ பாவிக்கிறாங்கனு சொல்றது உண்மையா?

உண்மை, எனக்கு ரொம்பப் புடிச்ச விசயமும் இதுதான். காசல்ரீ அணையில நிக்கிற தண்ணி டனல் வழியா எறங்கி விமலசுரேந்திர ஸ்டேஷன்ல மெசின சுத்துது. வெளிய வந்து நோட்டன் குளத்துல நிக்குது. அங்கேருந்து எறங்கி பழைய லக்ஸபானவச் சுத்துது. அங்கேருந்து லக்ஸபான குளம், அப்புறம் பொல்பிட்டிய, அதுக்கும் கீழ கித்துல்கல பக்கம் புதுசா கட்டின புரோட்லண்ட்ஸ். அந்தப் பக்கம் மவுசாகலை அணைத் தண்ணியும் அதே மாதிரி கெனியன், புதிய லக்ஸபான, பொல்பிட்டிய, புரோட்லண்ட்ஸ்னு எறங்கும். நாலு படி, ஒவ்வொரு படியிலயும் கரண்ட். அவ்வளவும் முடிஞ்சு களனி கங்கையில சேந்து போற தண்ணியத்தான் அம்பத்தலையில எடுத்து சுத்தம் பண்ணி கொழும்புச் சனம் குடிக்கிறாங்க. அந்த டவுன்ல எரியிற லைட்டுலயும் குடிக்கிற தண்ணியிலயும் மஸ்கெலியா மழை இருக்கு.

தேசியப் பாதுகாப்புனு பேசுறாங்களே, அதுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பாதுகாப்புன்னா துவக்கும் ஆமியும்னு மட்டும் நெனைக்க வேணாம். 2022 மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம கெடந்தோமே, யாரும் குண்டு போடல, எண்ணெய் வாங்க டொலர் இல்ல, அணையிலயும் தண்ணி கொறைவு. ஆஸ்பத்திரி, தண்ணி மோட்டர், போன் டவர், பேங்க், பேக்கரி எல்லாம் அந்த வயர்லதான் தொங்குது. வெளிநாட்டான் கப்பல் அனுப்பாட்டி நாடு நின்னுடும்ங்கிற நெலம வந்துச்சுனா அதுதான் பாதுகாப்பில்லாத நாடு. நம்ம மழைக்கு எல்.சி. (வெளிநாட்டுல சாமான் வாங்க பேங்க் குடுக்கிற உறுதிக் கடிதம்) தெறக்கத் தேவையில்ல. நுரைச்சோலைக்கு நிலக்கரி கப்பல்ல வரணும், அதுவும் தென்மேல் பருவக்காத்து அடிக்கிற மாசங்கள்ல கடல் கொந்தளிப்பா இருக்கிறதால எறக்க முடியாது, முன்னாடியே எறக்கிக் குவிச்சு வைக்கணும்.

இன்னொரு விசயம் கொஞ்சப் பேருக்குத்தான் தெரியும். 2025 பெப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை. பாணந்துறை சப் ஸ்டேஷன்ல ஒரு கொரங்கு பட்டு நாடு பூரா இருட்டாச்சு. காலம்பற பதினொரு மணி தாண்டி இருக்கும், நான் கிளாஸ் எடுத்துக்கிட்டிருந்தேன், பேன் நின்னுச்சு, வழக்கமான கட்டுனுதான் நெனச்சேன், பொறகு போன்ல பாத்தா யாழ்ப்பாணத்துலயும் இல்ல காலியிலயும் இல்ல. அப்பிடி முழு நாடும் விழுந்தா திரும்ப எப்பிடி எழுப்புறது? பெரிய நிலக்கரி ஸ்டேஷன் தானா எழும்பாது, அதோட பம்பு, பேன் எல்லாத்தையும் ஓட்டவே வெளியிலருந்து கரண்ட் வேணும். அணைக்கட்டு ஸ்டேஷன் அப்பிடியில்ல, கதவத் தெறந்து தண்ணிய விட்டா கொஞ்ச நேரத்துல சுத்தத் தொடங்கிடும், அத வச்சுத்தான் ஒவ்வொரு ஊரா எழுப்பிக்கிட்டு வருவாங்க. அன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள லைட் வந்துடுச்சு, ஆனா நுரைச்சோலையில மூணு மெசினும் விழுந்து எழும்ப நாளெடுத்ததால அடுத்த சில நாளும் முறை வச்சு வெட்டினாங்க. வண்டி ஸ்டார்ட் ஆகலனா தள்ளிவிடுறதுக்கு ஆள் வேணும் பாருங்க, நாட்டுக்கு அந்த ஆள் மலைநாடு.

யுத்த காலத்துல அணைக்குப் பக்கத்துல காவல் போட்டு வச்சிருந்தாங்க, அந்தப் பக்கம் நடந்து போற நம்ம ஆளுங்க ஐடென்டி கார்டக் கையில வச்சுக்கிட்டே போவாங்க. வடக்குப் பக்கம் கத இன்னும் மோசம். அங்க வயசானவங்க இன்னமும் லக்ஸபானா கரண்ட்னுதான் சொல்லுவாங்க, அந்த லைன் யுத்தத்துல அறுந்துபோய் வருசக்கணக்கா டீசல் மெசின நம்பித்தான் இருந்தாங்க, யுத்தம் முடிஞ்ச பொறகுதான் கிளிநொச்சியிலருந்து சுன்னாகத்துக்குப் பெரிய லைன் இழுத்துச் சேத்தாங்க.

மலையிலதான் கரண்ட் பிறக்குது, அப்ப நமக்கு ஏன் அடிக்கடி கட்டாகுது?

இதுதான் எல்லாரும் கோவமா கேக்கிற கேள்வி, கோவம் ஞாயந்தான்.

ஸ்டேஷன்ல பிறக்கிற கரண்ட் நேரா பக்கத்து வீட்டுக்கு வராது. அது பெரிய டவர் லைன்ல ஏறிடும், 132 கேவி (கிலோவோல்ட்), 220 கேவினு சொல்லுவாங்க. நாடு பூரா ஒரே குளம் மாதிரி, எந்த ஸ்டேஷன் ஊத்தினாலும் அந்தக் குளத்துலதான் விழும். அங்கேருந்து கிரிட் சப் ஸ்டேஷனுக்கு வந்து 33 கேவியா எறங்கி, காடு, தேயிலை, பள்ளம்னு தாண்டி, ஊர் டிரான்ஸ்போமருக்கு வந்து, அங்கேருந்துதான் வீட்டுக்கு. நம்ம தலைக்கு மேல போற டவர் லைன் நமக்கு ஒண்ணும் தராது, ஒத்த மரக்கொப்பு விழுந்தா அறுந்துபோற அந்த 33 கேவி வயரும் போஸ்ட்டுந்தான் நம்ம உயிர். ஜூன், ஜூலை காத்துல எத்தனை எடத்துல மரம் விழும்னு உங்களுக்கே தெரியும். 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்ப மண்சரிவோட போஸ்ட், வயர், ரோட்டு எல்லாமே சேந்து போச்சு.

எங்க டிவிசன்ல நடந்தத சொல்றேன். ஒரு ஜூலை மாசம், சவுக்கு மரக்கொப்பு லைன் மேல விழுந்து நாலு நாள் இருட்டு. எங்க பக்கத்து லயத்துப் பாட்டிக்கு இன்சுலின் போடணும், பிரிஜ் வேலை செய்யல, புது மண்சட்டியில ஈரமணலப் போட்டு அதுக்குள்ள இன்சுலின் குப்பிய வச்சு, மேல ஈரத்துணி போத்தி, இஸ்தோப்பு (திண்ணை) மூலையில வச்சிருந்தாங்க. அந்தத் துணி காயுதா காயுதானு பேத்தி ராத்திரி பூரா எழும்பிப் பாத்துக்கிட்டிருந்திச்சு. பிரேக்டவுனுக்கு போன் எடுத்தா டிரான்ஸ்போமர் நம்பர் கேக்கிறாங்க, யாருக்குத் தெரியும்? போஸ்ட்டுல அடிச்சிருந்த நம்பர் மேல பாசி புடிச்சிருந்திச்சு, ஒரு பையன் மழையில மேட்டுல ஏறி, கையால தொடச்சு, போன் டோர்ச்ச அடிச்சு நம்பரப் பாத்துச் சொன்னான். அப்பவும் ஆள் வந்தது மூணாவது நாள், ஏன்னா ஒரு வேன், நாலு பேரு, அவங்களுக்கு ஒதுக்கின ஏரியா ரெண்டு மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் இருக்கு. வந்த பையன்கள் பாவம், நனைஞ்சுக்கிட்டே வேலை செஞ்சாங்க, அவங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. வேன் பத்தாது, ஆள் பத்தாது, மரம் வெட்டக் காசு பத்தாது, கொற அதுலதான்.

கோடிக்கணக்குல அணைக்குக் காசு போட முடிஞ்ச நாடு, இந்த 33 கேவி லைன்ல தோல் போத்தின வயரும், கொப்பு வெட்ட வருசத்துக்கு ரெண்டு தடவ கூலியும் குடுக்கலாம். அதுவும் பாதுகாப்புச் செலவுதான். இன்சுலின் சட்டியப் பாத்த நாள்லருந்து நான் இதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

லயத்துக்குக் கரண்ட் எப்ப வந்துச்சு?

தோட்டத்துக்குத் தோட்டம் வித்தியாசம். ஸ்டோர்னு சொல்ற தேயிலை பெக்டரிக்கும் தொரை பங்களாவுக்கும் வெள்ளக்காரன் காலத்துலயே ஓடைத் தண்ணிய வச்சு சின்ன மெசின் ஓட்டி லைட் போட்ட தோட்டங்கள் இருக்கு. லயத்துக்குப் பெரும்பாலும் ரொம்பப் பிந்தித்தான்.

எங்க லயத்துக்கு 1998ல. அதுவரைக்கும் குப்பி லாம்புதான், காலம்பற மூக்கச் சிந்தினா கரி வரும். இஸ்தோப்புல ஒக்காந்து படிக்கும்போது கீழ பள்ளத்துல அணைக்கட்டு லைட் வரிசையா மஞ்சளா தெரியும், தண்ணியில நீளமா விழுந்து ஆடும். அப்பா கவ்வாத்து வெட்டிட்டு வந்து கையில வெட்டுக்காயத்தோட அந்த லைட்டப் பாத்துக்கிட்டே பீடி குடிப்பாரு, ஒண்ணும் பேசமாட்டாரு. கரண்ட் வந்த அன்னைக்கு அப்பாயி மீட்டர் பெட்டிக்குத் திருநீறு பூசி குங்குமம் வச்சுது. ரெண்டு பல்பு, ஒரு பிளக் பொயின்ட், அவ்வளவுதான். அந்தக் குங்குமம் ரொம்ப நாளைக்கு அழியாம இருந்திச்சு, மீட்டர் வாசிக்க வந்த ஐயாவும் அழிக்கல.

இன்னைக்கு நாட்டுல கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் கரண்ட் இருக்குனு கணக்குச் சொல்லுது. ஆனா லயத்துல காணி உறுதி நம்ம பேர்ல இல்லாததால புதுசா மீட்டர் எடுக்கணும்னா தோட்ட நிர்வாகத்துக்கிட்ட கடிதம் வாங்கணும், அது கெடைக்காம ஒரே மீட்டர்லருந்து மூணு வீட்டுக்கு வயர் இழுத்துப் பாவிக்கிறாங்க. அது ஆபத்து, வயர் சூடாகி லயம் பூராவும் எரியும். அதோட பில்லும் கூடும், ஏன்னா யுனிட் கூடக்கூட ஒரு யுனிட்டோட விலையும் கூடுற மாதிரித்தான் வீட்டு விலை வச்சிருக்கு. தனித்தனியா முப்பது முப்பது யுனிட் எரிச்சா கொறைஞ்ச விலை, மூணு வீடும் ஒரே மீட்டர்ல தொண்ணூறு எரிச்சா கூடின விலை. ஏழைக்குனு வச்ச சலுகை ஏழைக்குக் கெடைக்காமப் போறது இப்பிடித்தான்.

அணைக்குக் காணி, வீடு குடுத்த சனத்துக்கு என்னாச்சு?

பழைய மஸ்கெலியா டவுன் மவுசாகலைத் தண்ணிக்கு அடியில இருக்கு. தண்ணி நல்லா எறங்கின வருசத்துல பழைய கோயில், பன்சல (புத்த விகாரை), பள்ளிவாசல் இதுங்களோட சொவரெல்லாம் வெளிய தெரியும், சனம் போய் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுட்டு வருவாங்க. பழைய தெல்தெனிய டவுனும் விக்டோரியாவுக்குள்ள போயிடுச்சு. மேல் கொத்மலைக்கு தலவாக்கலைப் பக்கம் ஐந்நூறுக்குக் கிட்ட குடும்பம் எழும்ப வேண்டியிருந்திச்சு, அந்தத் தடவ புது வீடு கட்டிக் குடுத்துத்தான் எழுப்பினாங்க, முந்தி நடந்ததுக்கு அது எவ்வளவோ பரவால்ல. சென்கிளேயர் அருவி செத்துடும்னு பெரிய போராட்டம் நடந்து, பகல்ல குறிச்ச நேரத்துக்கு அருவியில தண்ணி விடணும்னு ஒத்துக்கிட்டாங்க. கேட்டாத்தான் கெடைக்கும்ங்கிறதுக்கு அது சாட்சி.

பண்டாரவளையில நடந்ததுதான் மனச ரொம்ப வருத்தும். உமா ஓயா டனல் வெட்டும்போது 2014 டிசம்பர்ல உள்ள தண்ணி பீறிட்டு வந்துச்சு, மேல ஊர்ல கெணறு, ஊத்து எல்லாம் வத்திப்போச்சு, வீட்டுச் சொவர் வெடிச்சுது. நிலத்துக்கடியில தண்ணி எப்பிடி ஓடுதுனு ஒழுங்கா பாக்காம மலையக் குடைஞ்சா இதுதான் நடக்கும். அரசாங்கம் காசு போடுதுன்னா அந்தச் சோதனைக்கும் சேத்துத்தான் காசு போடணும், வெடிச்ச பொறகு நட்டஈடு குடுக்க ஓடுறதவிட அது மலிவு.

அணை ஒடஞ்சிடுமோனு பயமா இருக்கே?

2020ல திகன, விக்டோரியா பக்கம் சின்னச் சின்ன அதிர்வு வந்தப்ப நெறையப் பேர் கேட்டாங்க. பெரிய அணைகள்ல அளவு பாக்குற கருவியெல்லாம் இருக்கு. நாம கவனிக்க வேண்டியது வான்கதவு. மழை கூடினா நோட்டன், கெனியன், லக்ஸபான கதவத் தெறப்பாங்க, சைரன் கேட்டா ஆத்துல குளிக்கிறவங்க, துணி தொவைக்கிறவங்க ஒடனே மேல ஏறிடணும். வாளிய எடுக்கிறேன் சவுக்காரத்த எடுக்கிறேன்னு நிக்காதீங்க.

எல்லாரும் சோலார் போடுறாங்களே, இனி அணைக்கட்டுக்குக் காசு போடுறது வீண்தானே?

இல்ல, இப்பத்தான் அணைக்கு மதிப்பு கூடியிருக்கு. சோலார் பகல்ல வரும், நாம லைட்டப் போட்டு சோறாக்கி டிவி பாக்கிறது ராத்திரி ஏழு மணிக்கு. 2025 சித்திர வருசப் பிறப்பு லீவுல பெக்டரியெல்லாம் மூடிக் கெடந்து பாவனை கொறைஞ்சதும், பகல்ல கூரை சோலார நிப்பாட்டி வைங்கனு கேட்டுக்கிட்டாங்க. அப்பிடிப் பகல்ல மிஞ்சுற கரண்ட வச்சு கீழ இருக்கிற தண்ணிய மேல பம்ப் பண்ணி, ராத்திரி திரும்ப எறக்கி கரண்ட் எடுக்கலாம். மாவனெல்லைப் பக்கம் மஹா ஓயாவுல 600 மெகாவாட்டுக்கு அப்பிடி ஒண்ணு போடத் திட்டம் இருக்கு. அதுவும் மொத்தக் காசையும் முன்னாடியே கொட்டவேண்டிய வேலைதான், அரசாங்கம் பின்னால நிக்காம நடக்காது.

ஓடையில போடுற சின்ன ஹைட்ரோ பத்தியும் கேக்கிறாங்க, அதுல 10 மெகாவாட்டுக்குள்ளதான், தனியார் போட்டு விக்கிறாங்க. நல்லதுதான், ஆனா ஓடைய முழுசா குழாய்க்குள்ள திருப்பிட்டா கீழ லயத்துக்குக் குடிக்கத் தண்ணி இருக்காது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஊர்ச் சனத்தக் கேக்கணும்.

மின்சார சபையப் பிரிக்கிறாங்களே, நம்ம அணையெல்லாம் வித்துடுவாங்களா?

உற்பத்தி, கடத்தல், விநியோகம்னு தனித்தனிக் கம்பனியா பிரிக்கிறதுக்கு 2024ல 36ஆம் இலக்கச் சட்டம் வந்திச்சு, 2025ல அதத் திருத்தினாங்க, திருத்தத்துக்குப் பொறகு அந்தக் கம்பனிகள் அரசாங்கத்துக்குச் சொந்தமா இருக்கும்னுதான் இருக்கு. பிரிக்கிறதுல எனக்குப் பெரிய எதிர்ப்பு இல்ல, கணக்கு தனித்தனியா தெரிஞ்சா எங்க காசு ஒழுகுதுனு பாக்கலாம். ஆனா அணைகள் எப்பவும் பொதுச் சொத்தா இருக்கணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. கடன் கட்டி முடிஞ்ச அணையிலருந்து வர்ற மலிவான கரண்ட்தான் முப்பது யுனிட் எரிக்கிற வீட்டத் தாங்கிப் புடிக்குது. அதோட விக்டோரியா, ரந்தெனிகல மாதிரி அணைகள்ல தண்ணி வயலுக்கும் போகணும், எப்ப தெறக்கிறதுனு மகாவலிக்காரங்களோட ஒக்காந்து பேசித்தான் முடிவு செய்றாங்க, லாபம் மட்டும் பாக்கிறவன் கையில அந்தத் தெறப்பக் குடுக்க முடியாது.

அப்ப மலையகத்துக்குனு விலைய கொறைக்கச் சொல்லிக் கேக்கலாமா?

விலைய கொறைக்கிறதவிட வேற ரெண்டு கேக்கலாம்னு நான் நெனைக்கிறேன். ஊருக்கு ஊர் விலை வேறனு வந்துட்டா நாளைக்குத் தூரத்து ஊருக்குக் கூட்டிடுவாங்க, லயம் எல்லாமே தூரத்து ஊர்தான், நமக்கே திரும்பி வரும். ஒண்ணு, அணைக்கட்டு இருக்கிற பிரதேசத்துல விக்கிற கரண்ட்லருந்து ஒரு சின்னப் பங்கு அந்தப் பிரதேச சபைக்கே வரணும், அதுவும் லைன், போஸ்ட், மரம் வெட்டு இதுக்குனே. ரெண்டு, தோட்டக் கடிதம் இல்லாமலேயே குடியிருக்கிறவன் பேர்ல மீட்டர். ரெண்டுக்கும் புதுசா ஒரு அணை கட்டத் தேவையில்ல.

இதெல்லாம் யாருக்கிட்ட சொல்றது?

விலை மாத்துறதுக்கு முன்னாடி பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சனத்துக்கிட்ட கருத்துக் கேக்கும், எழுத்துலயும் குடுக்கலாம், கூட்டத்துல போயும் பேசலாம், தமிழ்லயே எழுதலாம், தயங்க வேணாம். நீளமா எழுதணும்னு இல்ல. உங்க டிவிசன் பேரு, எத்தனை வீடு, ஒரு மீட்டர்ல எத்தனை குடும்பம், போன வருசம் எத்தனை நாள் லைட் இல்ல, இத எழுதினாலே போதும், அந்தக் கணக்கு கொழும்புல இருக்கிறவங்க கையில இல்ல.

பிரேக்டவுனுக்கு 1987க்கு போன் எடுங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி பில்லுல இருக்கிற கணக்கு நம்பரையும், போஸ்ட்டுல இருக்கிற டிரான்ஸ்போமர் நம்பரையும் இப்பவே வெயில் நேரத்துல பாத்து, கரியாலயோ பெயின்ட்டாலயோ இஸ்தோப்பு சொவர்ல எழுதி வைங்க. எங்க லயத்துல எழுதியிருக்கோம், அந்தப் பாசி தொடச்ச பையன்தான் எழுதினான்.